வார்யா வளர்ந்த விவகாரம்

வார்யா ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்துவிட்ட விஷயம் ஒரு திங்கட்கிழமை காலை அம்பலமாயிற்று. அதற்கு முன் இரண்டு வாரமாக அது அவளுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. கடையில் எதையோ திருடிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நடப்பவளைப் போல அவள் தன் உயரத்தை மறைத்துக்கொண்டு திரிந்தாள். படி ஏறும்போது குனிந்தாள். சாப்பாட்டு அறைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்து எல்லோருக்கும் பின்னால் எழுந்தாள்.

'வெள்ளைக் கொக்கு' பனிச்சறுக்குக் கழகத்தில் திங்கள்தோறும் பெண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அளப்பது வழக்கம். முதலில் எடை, அடுத்து உயரம். எடை பார்க்க ஏறுமுன் பிள்ளைகள் கொண்டை ஊசிகளை உருவிப் போடுவார்கள், தோட்டைக் கழற்றுவார்கள். ஒருத்தி வாயில் ஊறிய எச்சிலைக்கூடத் துப்பிவிட்டு வருவாள். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. பயம் நல்ல ஆசிரியர் என்று கழகத்தின் இயக்குநர் வலெந்தின் அர்க்காதியெவிச் அடிக்கடி சொல்வார். சம்பளம் கேட்காத ஆசிரியர் என்றும் சேர்த்துக்கொள்வார்.

கழக மருத்துவர் எத்வார்த் ல்வோவிச் அளவுகோலின் கட்டையை வார்யாவின் தலைமேல் இறக்கினார்.

"முழங்கால மடக்காதே."

"மடக்கல, எத்வார்த் ல்வோவிச்."

"மடக்கித்தான் இருக்கே. நேரா நில்லு."

நேராக நின்றாள். மருத்துவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கட்டையைக் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார், தலை அமுங்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து வேறொரு அளவுகோலைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் அதையேதான் காட்டியது. கருவியில் பிழை இருக்க வழியில்லை, ஏனென்றால் கருவி கழகத்தினுடையது. ஆகவே பிழை வார்யாவிடம் இருந்தது.

"இது எப்ப நடந்துச்சு?"

"தெரியாது," என்றாள் வார்யா. பின்னால் நின்ற பிள்ளை, தொற்றுநோய்க்காரியைக் கண்டவள் போல ஓர் அடி விலகி நின்றாள்.

பனித்தளத்தின் ஓரத்தில் ரோமக் கோட்டு போட்டு நின்றிருந்த தலைமைப் பயிற்சியாளர் இராயிதா கென்ரிகோவ்னாவுக்குச் சேதி போயிற்று. அவர் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஆபத்து. அன்று வார்யா தன் காதை அவர் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"எனக்கே இப்படிப் பண்ணிட்டியே, வார்யா. நான் உன்ன நம்பினேன்."

"நான் வேணும்னு பண்ணல."

"இதுக்கு முன்னாடி இருந்தவளும் இதேதான் சொன்னா."

பதினாறு வயதுப் பெண் கொஞ்சம் உயர்ந்ததற்கு ஏன் இத்தனை கலவரம் என்று வெளியாள் கேட்கலாம். முன்பெல்லாம் கழகத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. பதினைந்து வயதில் ஒரு பெண் பெரியவர்களின் போட்டிக்குப் போவாள். எம்பிக் காற்றில் நான்கு சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்குவாள். பதக்கம் வாங்குவாள். பதினாறில் வளர்ந்துவிடுவாள். வளர்ந்த உடம்பு நான்கு சுற்றுக்கு ஒத்துவராது என்பதால் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து, இந்த மண் உன்னை மறக்காது என்று சொல்லி அனுப்பிவைத்துவிட்டு அடுத்தவளை எடுத்துக்கொள்வார்கள். ஓய்வுபெற்ற வீராங்கனை மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்வாள். இந்த ஏற்பாட்டில் யாரும் குறை கண்டதில்லை. அப்படியிருக்கும்போது, பதினேழு நிரம்பாதவர்கள் பெரியவர்களின் போட்டிக்கு வரக்கூடாது என்று வெளிநாட்டுக்காரர்கள் விதி போட்டுவிட்டார்கள். கழகம் ஆடிப்போயிற்று. பதினேழு வரைக்கும் தாக்குப்பிடித்தவள் ஒருத்திகூட அங்கே இல்லை. மிச்சமிருந்தவர்களில் மூத்தவள் வார்யாதான்.

இயக்குநர் அப்போது எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார்.

"பதறாதீங்க. அவங்க வயசத்தான கேட்டிருக்காங்க, குடுத்துருவோம். வயசு பாட்டுக்கு ஏறட்டும், உடம்பு இருக்கற எடத்துல இருக்கட்டும். வயசு வேணும், வளர்ச்சி வேணாம். இதான் இனிமே நம்ம வழி."

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. அந்த வாசகத்தை நீலப் பலகையில் எழுதிப் பனித்தளத்துக்கு மேலே மாட்டினார்கள். வார்யா தினமும் அதன் கீழேதான் சுற்றினாள்.

அவள் கிலாசவ் ஊர்க்காரி. உறைந்த குளத்தில் சறுக்கிக்கொண்டிருந்தவளை யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, ஒன்பது வயதில் மாஸ்கோவுக்குக் கூட்டிவந்தார்கள். அம்மா ரிம்மா ரொட்டித் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு மகளோடு வந்து, மெட்ரோவின் கடைசி நிலையத்துக்கும் அப்பால் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். இங்கே கேக் செய்யும் ஆலையில் வேலை கிடைத்தது. அதற்கும் கழகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. வெனிலா வாசனையோடு தாய் வீட்டுக்குள் வந்தால் பிள்ளையின் மனம் தடுமாறும் என்றார்கள். அன்று முதல் ரிம்மா ஆலையிலேயே குளித்து, உடுப்பு மாற்றி, தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். அப்படியும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் வாசனை மிஞ்சியிருக்கும். வார்யா தூங்கப் போகும்போது அம்மாவின் கழுத்தில் மூக்கை வைத்துக்கொள்வாள். அது ஒன்றுதான் அவள் அறிந்த தின்பண்டம். அப்பா கிலாசவிலேயே தீயணைப்புப் படையில் இருந்துவிட்டார். அவர் பெரிய உருவம். புத்தாண்டுக்கு வரும்போது வாசல் நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வருவார்.

இத்தனைக்கும் ஏன் அங்கேயே கிடந்தாள் என்றால், அந்தத் தாவலுக்காகத்தான். எம்புவதற்கு முன்னால் திரும்பி ஓடிவிடலாம் போல இருக்கும். இறங்கும்போது உயிர் போய் வரும். ஆனால் நடுவில், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஒரு கணத்தில், பயம் என்ற ஒன்று இருந்ததே நினைவில் இருக்காது. அந்த உயரத்தில் யாராலும் அவளை அளக்க முடியாது.

அந்த வாரமே ஆட்சிக்குழு கூடியது. வார்யாவையும் அவள் அம்மாவையும் மேசைக்கு எதிரே நிற்க வைத்தார்கள். மேசைமேல் தேநீரும் முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட பிரோஷ்கி அப்பங்களும் இருந்தன. வார்யா அந்தத் தட்டைப் பார்க்காமல் இருக்கப் பழகியவள். சன்னலைப் பார்த்தாள்.

"உன்னத் தண்டிக்க நாங்க இங்க உக்காரல," என்று தொடங்கினார் இயக்குநர். "கொழந்தைங்க ஆரோக்கியம்தான் நமக்கு எல்லாத்துக்கும் மேல. அதனாலதான் ஆரோக்கியம் கெட்ட கொழந்தைய நாம ஒரு நாள்கூட இங்க வச்சுக்கறதில்ல. இப்ப சொல்லு. வளரும்போது உனக்கு ஏதாவது தெரிஞ்சுச்சா?"

"இல்லீங்க."

"தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பியா?"

வார்யா அம்மாவைப் பார்த்தாள். "முயற்சி பண்ணியிருப்பேன்."

"நல்ல பதில்," என்று குழுவில் ஒருவர் சொல்லிவிட்டு ஒரு பிரோஷ்கியை எடுத்துக்கொண்டார்.

இராயிதா கென்ரிகோவ்னா ரிம்மாவின் பக்கம் திரும்பினார். "சேக்கும்போது பொண்ணோட அப்பா சராசரி உயரம்னு சொன்னீங்க, ரிம்மா சவேலியெவ்னா."

"சராசரிதாங்க."

"கிலாசவுல ஆள் விட்டு விசாரிச்சோம். கதவுல இடிச்சுக்குவாராமே."

ரிம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அவரு பெரும்பாலும் படுத்தேதாங்க கெடப்பாரு. நின்னு நான் பாத்ததே கொறச்சல்."

குழு இதைக் கவனத்தோடு எடுத்துக்கொண்டது. படுத்துக் கிடப்பதால்தான் மனிதர்கள் நீளுகிறார்கள் என்று ஒருவர் கருத்துச் சொன்னார். தூக்கத்தில் வளர்ச்சி நடக்கிறது என்று மருத்துவரும் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆகவே வார்யாவின் தூக்கத்தைக் குறைப்பது என்றும், பாதித் தூக்கத்தில் தாய் எழுப்பிவிட வேண்டும் என்றும் முடிவாயிற்று. ரிம்மா தலையாட்டினாள். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவள் மகளை எழுப்பவில்லை. எழுப்பினேன் என்று வாராவாரம் சத்தியம் செய்துகொடுத்தாள்.

ஆனால் வளர்ந்தது வளர்ந்ததுதானே. அதை என்ன செய்வது என்ற கேள்வி மேசைமேல் அப்படியே கிடந்தது. இயக்குநர் எழுந்து நின்றார்.

"உண்மைன்னு ஒண்ணு இருக்கு, பொறுப்புன்னு ஒண்ணு இருக்கு. உண்மைய யார் வேணாலும் சொல்லிட்டுப் போயிரலாம். பொறுப்ப நாமதான் சுமக்கணும். நாளைக்கு மேல இருந்து என்னக் கூப்பிட்டுக் கேட்டா, பொண்ணு வளந்துட்டான்னு சொல்றதா? அப்ப நீங்கல்லாம் எதுக்குய்யா அங்க இருக்கீங்கன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. நியாயமான கேள்வின்றதாலதான் அத வரவே விடக்கூடாதுங்கறேன். வார்யாவோட உயரம் பழைய உயரந்தான்னு முன்மொழியறேன். ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. மருத்துவர் மட்டும் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். இராயிதா கென்ரிகோவ்னா அவரைப் பார்த்தார். அவர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

வார்யாவுக்கு ஒரு கணம் நிம்மதியாகத்தான் இருந்தது. இனி அவளை அளக்க மாட்டார்கள். அறையை விட்டு வெளியே வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து, "முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு கண்ணு," என்றாள் ரிம்மா.

முடியவில்லை. கழகத்தில் ஒரு தீர்மானம் போட்டால் அதைக் கடைசிவரை நடத்திக்காட்டுவார்கள். வார்யா சிறியவள் என்பதால் அவளுக்குச் சிறுமியின் நிகழ்ச்சி அமைக்கப்பட்டது: கடை அலமாரியிலிருந்து இறங்கிவரும் பொம்மை. தலையில் பெரிய வெள்ளை நாடா. இசை ஒரு தாலாட்டு. பத்திரிகைக்காரர்கள் வந்தால் அவளுக்குப் பக்கத்தில் நிற்கப் பக்கத்துக் கூடத்திலிருந்து கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவரை அழைத்துவந்தார்கள். அந்த மனிதர் ஒவ்வொரு முறையும், "நான் இங்க எதுக்கு நிக்கறேன்?" என்று கேட்பார். தேசத்துக்காக என்று சொல்வார்கள். நிற்பார்.

பிறகு சறுக்குக் காலணி வந்தது. பருவத்துக்கு ஒரு புது ஜோடி கொடுப்பார்கள். இராயிதா கென்ரிகோவ்னா பெட்டியைத் திறந்து நீட்டினார். வார்யா காலை நுழைத்தாள். பெருவிரல் மடங்கியது.

"இது சின்னதா இருக்கு, இராயிதா கென்ரிகோவ்னா."

"உன் அளவுதான்."

"கால் வளந்துருக்கு போல."

பயிற்சியாளரின் குரல் இறங்கியது. "யாரு வளந்தது?"

உயரம் மாறாதவளுக்குக் கால் மட்டும் எப்படி மாறும்? வேறு அளவுக் காலணி கேட்பது தீர்மானத்தையே கேள்வி கேட்பதாகும். அவள் விரல்களை மடக்கி, நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கினாள். நான்கு சுற்று முடித்து இறங்கும்போதெல்லாம் உடம்பின் பாரம் முழுவதும் அந்த மடங்கிய விரல்கள்மேல் வந்து விழுந்தது. சில வாரங்களில் இடது பாதத்தின் மேற்புறம் வீங்கி, தொட்டாலே கண்ணில் நீர் வந்தது.

மருத்துவரிடம் போனாள். அவர் கதவைத் தாழிட்டுவிட்டுப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். அவர் நெற்றி வியர்த்தது.

"ஒடஞ்சிருக்கா?" என்று கேட்டாள் வார்யா.

"ஒடஞ்சிருக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு. ஆனா தேசியப் போட்டி முடியறவரைக்கும் கழகத்துக்குக் கருத்து எதுவும் கெடையாது."

"வலிக்குதே."

"வலி உன்னோட சொந்த விஷயம், வார்யா. அதுல நாங்க தலையிடறதில்ல." பிறகு ரகசியமாக, "ஐஸ் வச்சுக்கோ. நான் சொன்னேன்னு சொல்லிராத," என்றார்.

உடுப்பு மாற்றும் அறையில் ஒருநாள் யெஸ்யா அவளிடம் வந்து நின்றாள். யெஸ்யாவுக்குப் பதின்மூன்று வயது. இப்போதே நான்கு சுற்றுச் சுற்றுகிறவள். வார்யாவுக்கு அடுத்தவள் அவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும், இருவருக்குமே தெரியும். அதனால் அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

"வலிக்குமா?" என்று கேட்டாள் யெஸ்யா.

"எது?"

"வளர்றது."

வார்யா நாடாவை அவிழ்ப்பதை நிறுத்தினாள். "அது வலிக்காது. மத்ததுதான் வலிக்கும்."

"போன மாசம் வாங்கின சட்டை எனக்கு மணிக்கட்டு வரைக்கும் வரல. அம்மா அதத் தண்ணியில நனைச்சு இழுத்து இழுத்து விடறாங்க."

"இத யாருகிட்டயும் சொல்லாத."

"உன்கிட்ட சொல்லிட்டனே."

"நான் கேக்கல," என்றாள் வார்யா.

யெஸ்யா தலையாட்டிவிட்டுப் போனாள். கதவருகே நின்று திரும்பி, தான் பேசியதைக் கேட்டவர்கள் வேறு யாரும் உண்டா என்று அறை முழுக்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

தேசியப் போட்டி செல்யாபின்ஸ்கில் நடந்தது. வார்யாவுக்கு அதற்குள் பதினேழு நிரம்பியிருந்தது. அந்தப் பிறந்தநாளை இயக்குநர் கேக் இல்லாமல் கொண்டாடினார். கேக்கின் படம் ஒன்று திரையில் காட்டப்பட்டது.

அரங்கம் நிறைந்திருந்தது. ரிம்மா மேல் வரிசை ஒன்றில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பனித்தளத்தின் விளிம்பில் இராயிதா கென்ரிகோவ்னா வார்யாவின் தலை நாடாவைச் சரிசெய்தார். அவர் சொன்னது கிட்டத்தட்ட கேட்கவே இல்லை. "நாலு சுத்து. ரெண்டு தடவ. விழுந்தாலும் எழுந்திரிக்க முடியாத மாதிரி விழாத."

தாலாட்டு தொடங்கியது. பொம்மை அலமாரியிலிருந்து இறங்கியது. இடது காலை ஊன்றிய ஒவ்வொரு முறையும் பாதத்துக்குள் ஏதோ ஒன்று நகர்வது வார்யாவுக்குத் தெரிந்தது. முதல் தாவலுக்காகப் பின்புறமாகச் சறுக்கி வந்தாள், தோளைத் திருப்பினாள், எம்பவில்லை. உடம்பு மறுத்துவிட்டது. அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சுற்றி வந்து மறுபடி வேகம் எடுத்தாள். மறுபடியும் எம்பவில்லை. மூன்றாவது முறை வேகம் எடுக்கும்போது ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது: இந்த முறை எம்பிவிடுவாள். எம்பிவிட்டால் இறங்கும்போது இந்தக் கால் இருக்காது.

அவள் நின்றாள். தளத்தின் நடுவே, விளக்கு வெளிச்சத்தில், பனிமேல் உட்கார்ந்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் அவிழ நேரமாயிற்று. இரண்டு காலணிகளையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். காலுறை மட்டும் போட்ட பாதங்களோடு எழுந்து, நொண்டி நொண்டி விளிம்பை நோக்கி நடந்தாள். பனியின் குளிர் பாதத்துக்கு இதமாக இருந்தது. அது மட்டும்தான் இதம். மற்றபடி அவளுக்கு இருந்த பயத்தில் எதிரே இருந்தவர்களின் முகங்கள்கூட ஒழுங்காகத் தெரியவில்லை. தாலாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு கொடுக்காததால்.

விளிம்பில் இராயிதா கென்ரிகோவ்னா நின்றார். "போட்டுக்கோ."

"கால் போகல."

"தீர்மானம் இருக்கு, வார்யா."

"காலுக்கு அது புரியல, இராயிதா கென்ரிகோவ்னா."

பயிற்சியாளர் அவள் காலைப் பார்த்தார். வெள்ளைக் காலுறையின் முனை சிவந்திருந்தது. அவர் உதடுகள் அசைந்தன. குரல் இறங்கி இறங்கி, கடைசியில் ஒன்றுமே வரவில்லை. அந்த முகத்தில் இருந்ததை வார்யா அடையாளம் கண்டுகொண்டாள். எடை பார்க்கும் வரிசையில் அதை வாராவாரம் பார்த்திருக்கிறாள். இவரையும் யாரோ எங்கேயோ நிற்க வைத்து அளக்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. அது அவள் பயத்தைக் குறைக்கவில்லை. கூட்டியது.

ஒலிவாங்கிக்கு முன் இயக்குநர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார். "எங்க வீராங்கனை இன்னிக்கு ஒரு தடவகூட விழல. இத எல்லாரும் கவனிக்கணும். மத்த கழகத்துப் பொண்ணுங்க எல்லாரும் விழுந்தாங்க. உக்காந்தது வேற, விழுந்தது வேற. அந்தக் காலணி, அது ஒரு புது மாதிரிக் கலை வெளிப்பாடு. எங்களுக்கு முன்கூட்டியே தெரியும்." பத்திரிகைக்காரர் ஒருவர், அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று கேட்டார். "பொம்மைங்க அழும்," என்றார் இயக்குநர். "நிகழ்ச்சியில அது இருக்கு." சொல்லிவிட்டு அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. அதை எடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

ரிம்மா படிகளில் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தன் கோட்டை மகள்மேல் போர்த்தி, ஒரு வாடகைக் காரில் ஏற்றி, ஊரில் எல்லோரும் போகும் சாதாரண மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். அங்கே கைக்குக் கட்டுப்போட்டவர்களும் இருமுகிற கிழவர்களும் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பொம்மை உடுப்பில் ஒரு பெண் நொண்டிக்கொண்டு வந்ததை அவர்கள் பார்த்தார்கள். விலகி இடம் கொடுத்தார்கள்.

படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் நடுவயதுப் பெண். தூக்கமில்லாத கண்கள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது பழைய முறிவு. இதோட எப்படிம்மா நடந்த?"

"நடக்கல," என்றாள் வார்யா. "தாவினேன்."

மருத்துவர் படத்தைக் கீழே வைத்தார். கட்டுப்போட ஆள் வரச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"பயப்படாத, ஆறிரும். எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இங்க பாரு, எலும்பு வளர்ற ஓரமெல்லாம் இன்னும் மூடல. சாப்பிட்டுத் தூங்கினா நீ இன்னும் நல்லா வளருவ." சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

வார்யா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அவளுக்கே அது தெரியவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அத மட்டும் எழுதாதீங்க. தயவுசெஞ்சு எழுதாதீங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

மருத்துவர் ஒன்றும் புரியாமல் தாயைப் பார்த்தார். ரிம்மா மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவளும் பயந்துதான் இருந்தாள். கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"எழுதுங்க டாக்டர்," என்றாள். "நல்லாத் தெரியற மாதிரி எழுதுங்க."

பேனா தாளில் ஓடியது. வார்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்திருந்தாள். மருத்துவர் எழுதி முடித்து, முத்திரை குத்தி, தாளை ரிம்மாவிடம் நீட்டினார். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. நடைவழியில் புதிதாக வந்த யாரோ, வரிசையில் கடைசி ஆள் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.